டி.எஸ்.எச். எண் மட்டும் தைராய்டு நோயைச் சொல்லிவிடாது

முழு உடல் பரிசோதனை என்று விற்கப்படும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்புகளில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. முடிவுத் தாளில் 6.8 என்று அச்சாகி, பக்கத்தில் 4.2-க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் இருந்தால், பலருக்கு அன்றே மாத்திரை தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது வாழ்நாள் மாத்திரையாகவே நிலைத்துவிடுகிறது. மறுபக்கம், டி.எஸ்.எச். 2.1 என்று 'நார்மலாக' வந்த காரணத்தாலேயே நோய் கண்டுபிடிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்களும் உண்டு. இரண்டு தவறும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் பொருள் அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரப்பது. தைராய்டின் வேலை போதுமா போதாதா என்று பிட்யூட்டரி கருதுவதைத்தான் அந்த எண் காட்டுகிறது. பெரும்பாலான நேரம் அந்தக் கணிப்பு சரியாக இருக்கும். எப்போது சரியாக இருக்காது என்று தெரிந்துவைத்திருப்பது நோயறிதலில் பாதி.

சுரப்பியும் அதன் கணக்கும்

குரல்வளை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்பக்கத்தைத் தழுவியபடி இருக்கிறது தைராய்டு. வயதுவந்தவர்களுக்கு 15 முதல் 25 கிராம் எடை. விழுங்கும்போது மூச்சுக்குழலோடு சேர்ந்து மேலே ஏறி இறங்கும். கழுத்தில் கட்டி என்று போனால் மருத்துவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்ப்பது அதற்குத்தான்: கட்டியும் கூடவே ஏறினால் அது பெரும்பாலும் தைராய்டைச் சேர்ந்தது.

ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து இந்தச் சுரப்பி இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் உள்ளது டி4 எனப்படும் தைராக்ஸின். மூன்று உள்ளது டி3. சுரப்பியிலிருந்து வெளிவருவதில் பெரும்பகுதி டி4. ஆனால் செல்லுக்குள் போய் வேலை பார்ப்பது டி3. உடலில் உள்ள டி3-இல் ஏறக்குறைய 80 சதவீதம் கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில், டி4-இலிருந்து ஓர் அயோடின் அணு கழன்று உருவாவதே. டி4-இன் அரை ஆயுள் ஏழு நாள், டி3-க்கு ஒரு நாள். ஒருநாள் மாத்திரை தவறினால் உடல் தடுமாறாததற்கும், அளவை மாற்றினால் அடுத்த வாரமே பரிசோதிப்பதில் பயன் இல்லாததற்கும் காரணம் இந்த ஏழு நாள்தான். டி4 புதிய அளவில் நிலைகொள்ளவும், அதற்கேற்ப டி.எஸ்.எச். நிற்கவும் ஆறு வாரம் பிடிக்கும்.

ரத்தத்தில் ஓடும் டி4 ஏறக்குறைய முழுவதும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறது. தனியாக உலவுவது பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுதான். வேலைக்கு ஆவதும் அதுவே. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அந்தப் புரதங்கள் கூடுவதால், மொத்த டி4 எந்த நோயும் இல்லாமலே உயர்ந்து தெரியும். இன்னும் பல ஆய்வகங்கள் 'தைராய்டு ப்ரொஃபைல்' என்று மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். மூன்றையும் சேர்த்துத் தருகின்றன. பணம் கொடுத்து எடுப்பவர் கேட்டு வாங்க வேண்டியது டி.எஸ்.எச்.-உம், தனியாக உலவும் பங்கை மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4-உம். டி3 தேவைப்படுவது பெரும்பாலும் சுரப்பு மிகையாக இருக்குமோ என்று சந்தேகிக்கும்போதுதான்.

பிட்யூட்டரியை, வேலை குறையக் குறையக் குரலை உயர்த்தும் மேற்பார்வையாளர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உயர்த்தும் விகிதம் சாதாரணமானதல்ல. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறு மடங்கு ஏறும். ஃப்ரீ டி4 அச்சிட்ட எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். எல்லை தாண்டுவது இதனால்தான். ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு குறுகிய டி4 அளவு உண்டு. ஆய்வகத்தின் எல்லையோ ஊருக்கே பொதுவான அகன்ற எல்லை. 1.5-இல் இருந்து பழகிய உடல் 1.0-க்கு இறங்கினால் தாளில் எதுவும் தெரியாது, பிட்யூட்டரிக்குத் தெரிந்துவிடும். முதல் பரிசோதனையாக டி.எஸ்.எச்.-ஐ வைத்ததற்கு இதுவே நியாயம். அதிலும் குறைவான அளவுகளைத் துல்லியமாகப் பிரித்தறியும் கருவிமுறைகள் 1980-களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் 'குறைவு' என்பதையும் 'இயல்பு' என்பதையும் இந்தப் பரிசோதனையால் வேறுபடுத்தவே முடியவில்லை.

சுரப்பு குறைந்தால்

டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குவது. எனவே அது குறைந்தால் ஓர் உறுப்பு மட்டும் கெடுவதில்லை, எல்லாமே வேகம் இழக்கின்றன. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததே. சிக்கல் என்னவென்றால், ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, வைட்டமின் டி குறைவு என எதிலும் இதே பட்டியல் வரும். கூடுதல் நம்பிக்கை தரும் அடையாளங்கள் வேறு. குரல் கரகரத்துத் தடித்துப்போவது, காலையில் இமைகள் வீங்கியிருப்பது, நாடித்துடிப்பு 60-க்குக் கீழே இறங்குவது, இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போவது. கணுக்காலின் பின்புறம் சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று அசைந்துவிட்டு, திரும்பும்போது மட்டும் மிக மெதுவாகத் திரும்பும். அரை நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனை இன்று அருகிவிட்டது வருத்தத்துக்குரியது.

முகமும் கால்களும் உப்புவதற்குக் காரணம் வெறும் நீர் அல்ல. தோலுக்கடியில் நீரைப் பிடித்துவைக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் கரையாமல் தங்கிவிடுகின்றன. அதனால்தான் விரலால் அழுத்தினால் குழி விழுவதில்லை. எடை கூடுவதும் பெரும்பாலும் உடலில் தங்கும் உப்பாலும் நீராலும்தான். நல்ல அளவு சுரப்புக் குறைவிலும் தைராய்டால் மட்டும் கூடும் எடை பெரும்பாலோருக்கு 2 முதல் 5 கிலோ. இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டு மேல் பழிபோட்டு, மாத்திரை அளவை ஏற்றச் சொல்லிக் கேட்பவர்களுக்கு எடை குறையாது. இதயம் படபடக்கும், எலும்பு தேயும், அவ்வளவுதான்.

ரத்தப் பரிசோதனையில் வேறு பெயரில் வரும் பாதிப்புகளைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை. கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கல்லீரல் உருவாக்க டி3 வேண்டும். அது குறைந்தால் எல்.டி.எல். ஏறும். கொழுப்பு மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், பார்க்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் தசைகளில் வலி அதிகமாகும் வாய்ப்பும் உண்டு. தசையிலிருந்து கசியும் சி.பி.கே. என்ற நொதி உயர்ந்திருப்பது, சோடியம் குறைந்திருப்பது, ரத்தசோகை, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் கூடியிருப்பது ஆகியவற்றுக்கும் தைராய்டு அடிக்காரணமாக இருக்கலாம். பெண்களுக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு மிகுவதும், கருமுட்டை சரியாக வெளிவராமல் கருத்தரிப்பு தள்ளிப்போவதும் இதன் முக்கியமான முகங்கள்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் சுரப்புக் குறைவுக்கு முதல் காரணம், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சுரப்பியைச் சிறுகச் சிறுக அழிப்பது. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரே நோய்க்கும் நிலைத்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பத்தில் தொடரும்.

சுரப்பு மிகுந்தால்

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது, படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், அடிக்கடி மலம் கழிவது, மாதவிலக்கு குறைந்துபோவது. இளம் வயதினருக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தவறிப்போவது இரண்டு இடங்களில்.

ஒன்று முதியவர்கள். அவர்களுக்கு நடுக்கமோ பரபரப்போ இல்லாமல், சோர்ந்து, எடை இளைத்து, பேச்சுக் குறைந்து போவார்கள். புற்றுநோயோ மனச்சோர்வோ என்று தேடிக்கொண்டிருக்கும்போது, இதயம் தாளம் தவறித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் முதல் அடையாளமாக வெளிப்படும். அந்தத் தாளக்கோளாறு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட எவருக்கும் டி.எஸ்.எச். பார்த்தே ஆக வேண்டும். இதயத்தில் ரத்தம் உறைந்து பக்கவாதத்தில் முடியும் ஆபத்து அதில் உண்டு.

இரண்டாவது, இளம் ஆண்கள். மாலையில் வயிறு நிறைய மாவுச்சத்துணவு சாப்பிட்டோ கடுமையாக உடலுழைத்தோ படுத்தவர், விடியற்காலையில் எழ முயலும்போது கால்கள் அசையாமல் கிடப்பார். ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைந்திருக்கும். ஆசிய ஆண்களிடம் குறிப்பாகக் காணப்படும் இந்த முடக்கம், தைராய்டு மிகைச் சுரப்பின் முதல் அறிகுறியாகவே வரக்கூடும். பொட்டாசியம் கொடுத்துச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பி, தைராய்டைப் பார்க்காமல் விட்டால் முடக்கம் திரும்ப வரும்.

மிகைச் சுரப்புக்கு முதன்மைக் காரணம், டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த நோய். டி.எஸ்.எச். உட்கார வேண்டிய ஏற்பியில் ஓர் எதிர்ப்பொருள் உட்கார்ந்துகொண்டு சுரப்பியை ஓயாமல் விரட்டுகிறது. கண்கள் முன்தள்ளி, இமைகள் விரிந்து நின்றால் அது ஏறக்குறைய இந்த நோய்தான். புகைப்பிடித்தால் கண் பாதிப்பு மோசமாகும்.

நான்கு விதமான தாள்கள்

டி.எஸ்.எச். உயர்ந்து, ஃப்ரீ டி4 தாழ்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சுரப்பி தளர்ந்துவிட்டது, மாத்திரை வேண்டும்.

டி.எஸ்.எச். உயர்ந்து, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால்தான் அவசரப்படக் கூடாது. 6.8-க்காரர் இங்கே வருகிறார். டி.எஸ்.எச். ஒரே நாளுக்குள்ளேயே மாறும்: நள்ளிரவை ஒட்டி உச்சம், பிற்பகலில் குறைவு. ஒரே ஆளுக்கு வேறு வேறு நாட்களில் எடுத்தால் நோய் மாற்றம் ஏதும் இல்லாமலே 40 சதவீதம் வரை வேறுபடலாம். காய்ச்சலிலிருந்து மீண்டுவரும் வாரங்களிலும் தற்காலிகமாக ஏறும். வயது எழுபதைத் தாண்டியவர்களுக்கு இயல்பு எல்லையே மேலே நகர்ந்திருக்கும். எனவே செய்ய வேண்டியது, இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், காலையில், டி.எஸ்.எச்.-உம் ஃப்ரீ டி4-உம், கூடவே தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் பார்ப்பது. கணிசமானவர்களுக்கு டி.எஸ்.எச். தானாகவே இறங்கியிருக்கும். 10-க்கு மேல் நிலைத்திருந்தால் பெரும்பாலும் மருந்து தேவை. 10-க்குக் கீழே என்றால் கர்ப்பம் அல்லது அதற்கான திட்டம், எதிர்ப்பொருள், கழுத்து வீக்கம், தெளிவான அறிகுறிகள் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பது. எதிர்ப்பொருள் இருப்பவருக்கு மருந்து இப்போது வேண்டாம் என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும்.

டி.எஸ்.எச். தாழ்ந்து, ஃப்ரீ டி4 அல்லது டி3 உயர்ந்திருந்தால் மிகை. ஆனால் மிகைக்கு மருந்து எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சுரப்பி அதிகம் செய்கிறதா, அல்லது அழற்சியில் உடைந்து, சேமித்துவைத்ததைக் கொட்டுகிறதா? சளி, காய்ச்சலுக்குச் சில வாரம் கழித்து, கழுத்தில் தொட முடியாத வலியோடு வருவது அழற்சி, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். மிக அதிகமாக இருக்கும். பிரசவத்துக்குப் பின் ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வலியே இல்லாமல் வருவது இன்னொரு வகை அழற்சி. இரண்டிலும் சில வாரம் மிகை, பிறகு சில மாதம் குறைவு, பிறகு பெரும்பாலோருக்கு இயல்பு என்று வரிசையாகப் போகும். சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் இங்கே வேலை செய்யாது. தடுப்பதற்குச் சுரப்பே நடப்பதில்லை. கொடுத்தால், அடுத்து வரும் குறைவுக் கட்டத்தை இன்னும் ஆழமாக்கும். வித்தியாசத்தைச் சொல்வது கிரேவ்ஸ் நோய்க்கான ஏற்பி எதிர்ப்பொருள் பரிசோதனை, அல்லது சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் டெக்னீஷியம் ஸ்கேன். கிரேவ்ஸ் என்றால் சுரப்பி முழுவதும் ஒளிரும்; அழற்சி என்றால் ஏறக்குறைய எதுவும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது.

நான்காவது தாள்தான் அதிகம் தவறவிடப்படுவது: ஃப்ரீ டி4 தாழ்ந்திருக்கும், டி.எஸ்.எச். இயல்பாகவோ தாழ்ந்தோ இருக்கும். டி4 குறைந்தும் பிட்யூட்டரி குரல் எழுப்பவில்லை என்றால் பழுது பிட்யூட்டரியில். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, ரத்தம் போய்ச் சேராமல் பிட்யூட்டரி கருகிப்போகும் ஷீஹன் நோய் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்தத் தாய்க்குப் பால் சுரந்திருக்காது, மாதவிலக்கு திரும்பியிருக்காது; பல ஆண்டு கழித்து அசதி, மயக்கம், சோடியம் குறைவு என்று வருவார். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் 'தைராய்டு நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. இவர்களுக்குப் பெரும்பாலும், பிட்யூட்டரியின் தூண்டுதலில் அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோலும் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸினைத் தொடங்கினால், கூடும் வளர்சிதை வேகத்தைத் தாங்க முடியாமல் உயிராபத்தான அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் அப்புறம். இந்த வரிசை மாறக் கூடாது.

எண்ணே பொய்யாகும் இடம்

முடி, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 5 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். உடலின் அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம்தான். பல ஆய்வகக் கருவிகள், அளக்க வேண்டிய ஹார்மோனைப் பிடித்துவைக்க பயோட்டினுக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்துக்கும் இடையிலான பிணைப்பையே பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அது அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஹார்மோன் பிடிபடாமல் கழுவப்பட்டுப் போய்விடுகிறது. அதனால் கருவிக்குக் கிடைக்கும் சைகை குறைகிறது. டி.எஸ்.எச். அளக்கும் முறையில் சைகை குறைந்தால் எண் குறையும். ஃப்ரீ டி4, டி3 அளக்கும் முறை தலைகீழ். அங்கே சைகை குறைந்தால் எண் கூடும். டி.எஸ்.எச். தாழ்வு, டி4 உயர்வு, டி3 உயர்வு. மூன்றும் ஒருமித்து இல்லாத கிரேவ்ஸ் நோயைக் காட்டும். ஏற்பி எதிர்ப்பொருள்கூட இதே வழியில் பொய்யாக உயரலாம். முடி உதிர்வதால் தைராய்டு பார்க்கப் போகிறவர்தான் பயோட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பதால் இது அரிய விபத்தல்ல. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்த வேண்டும். அளவு அதிகமென்றால் இன்னும் கூடுதலாக.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு எந்தத் தைராய்டு நோயும் இல்லாமலே முதலில் டி3-உம், பிறகு டி4-உம் டி.எஸ்.எச்.-உம் குறையும். வலுவான சந்தேகம் இல்லாமல் அங்கே பரிசோதிக்காமல் இருப்பதே நல்லது. ஸ்டீராய்டு டி.எஸ்.எச்.-ஐ இறக்கும். மனநோய்க்கான லித்தியம் சுரப்பைக் குறைக்கும். இதயத் தாளத்துக்கான அமியோடரோன் எடையில் 37 சதவீதம் அயோடின்; சுரப்பை எந்தப் பக்கமும் தள்ளலாம். அதைத் தொடங்கும் முன்பும் பின்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். தைராக்ஸின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்து தெரியும்.

அல்ட்ராசவுண்ட் எப்போது

கையால் தடவிப் பார்க்கும்போது கட்டியோ ஏற்றத்தாழ்வான வீக்கமோ இருந்தால் மட்டும். சுரப்புக் குறைவு என்பதற்காக மட்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. எடுத்தால், தேடாத சிறு கட்டிகள் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. தென் கொரியாவில் ஆரோக்கியமானவர்களுக்கும் கழுத்து ஸ்கேன் பரவலானபோது, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 15 மடங்கானது. அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை. அறுவை சிகிச்சையும் வாழ்நாள் மாத்திரையும் மட்டுமே மிச்சம்.

உண்மையாகவே கட்டி இருந்தால் முதலில் டி.எஸ்.எச். அது தாழ்ந்திருந்தால் டெக்னீஷியம் ஸ்கேன். கட்டி தானே ஹார்மோன் சுரக்கும் 'சூடான' வகையென்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. டி.எஸ்.எச். தாழ்ந்திராவிட்டால் அல்ட்ராசவுண்டில், கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதை எண்ணால் குறிக்கும் டைராட்ஸ் தரம் பார்ப்பார்கள். அகலத்தைவிட உயரம் கூடியிருப்பது, ஓரம் ஒழுங்கற்றிருப்பது, பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் ஆகியவை கவலைக்குரியவை. தரம் 5 என்றால் 1 செ.மீ., 4 என்றால் 1.5 செ.மீ., 3 என்றால் 2.5 செ.மீ. அளவு எட்டினால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. செய்வார்கள். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பரவுவது நடைமுறையில் மிக மிக அரிது.

உப்பு

இமயமலை அடிவாரத்து மண்ணிலிருந்து பனியும் மழையும் அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டதால், அங்கே முன்கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக இருந்தது. மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமியின் குழு இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை குறைவதைக் காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று சட்டப்படி, கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும். 15 பங்கு என்றால் ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். பெரியவர்களின் தேவை நாளுக்கு 150, கர்ப்பிணிகளுக்கு 250.

கடலோரத்தில் இருக்கிறோம், தூத்துக்குடி உப்புதான் சாப்பிடுகிறோம், நமக்கென்ன குறை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. கடல்நீர் வற்றிப் படிகமாகும் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். அயோடின் சேர்க்காத கல்லுப்பும், இயற்கை என்று விலை அதிகமாக விற்கும் இந்துப்பும் இந்தத் தேவையை நிறைவு செய்யாது. உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப்புகாத ஜாடியில் வையுங்கள்; சமையலின் கடைசியில் உப்புப் போட்டால் இழப்பு குறையும். முட்டைக்கோசும் மரவள்ளிக்கிழங்கும் அயோடின் போதாதவர்கள் மிகுதியாகச் சாப்பிட்டால்தான் பிரச்சினை. அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில் பொரியலை ஒதுக்க வேண்டியதில்லை. ஹஷிமோட்டோ நோயாளிகள் கூடுதல் நன்மை தேடி அயோடின் மாத்திரையோ கடற்பாசித் தூளோ எடுப்பது எதிர்விளைவையே தரும்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை

சுரப்பி முழுதாக ஓய்ந்தவருக்குத் தைராக்ஸின் அளவு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 100. முதியவர், இதய நோயாளி என்றால் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால் மருந்தைக் கூட்டும் முன் விசாரிக்க வேண்டியது, அது எதோடு உள்ளே போகிறது என்பது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காபி டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. இவை குடலில் தைராக்ஸினைப் பிடித்து உறிஞ்ச விடாமல் வெளியேற்றிவிடும். காலை எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுவதும் அதே அளவு நல்லது. அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளும் உறிஞ்சலைக் குறைக்கும். அடுப்பறை அலமாரியிலும் வெயில்படும் சன்னலோரத்திலும் மருந்து வீரியம் இழக்கும். நூறு மாத்திரைக் குப்பியைத் திறந்துவைத்துவிட்டு மூன்று மாதம் பயன்படுத்துகிறவர்கள் மூடியை ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டும். நிறுவனம் மாற்றினால் ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள். நேற்று மறந்ததை இன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே விதி: காய்ச்சலோ தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக அந்த அணுக்கள் அடியோடு அற்றுப்போகும். மருந்துச் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

கர்ப்பமும் பிறந்த குழந்தையும்

முதல் மூன்று மாதம் கருவுக்குச் சொந்தச் சுரப்பு இல்லை; மூளை வளர்வது தாயின் டி4-ஐக் கொண்டுதான். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கர்ப்பம் உறுதியான நாளிலேயே அளவை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டும். எளிய வழி, வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்குவது. மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருந்தால் முக்கியமான வாரங்கள் போய்விடும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கர்ப்பத்தின் பாதிக் காலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருப்பது இலக்கு. புதிதாகப் பரிசோதிக்கும் கர்ப்பிணிக்கு 2.5-ஐயே மேல் எல்லையாக எல்லோருக்கும் வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-இல் அதைத் தளர்த்தி, அந்தந்த ஊருக்கான எல்லை இல்லாத இடத்தில் முதல் மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 4.0 என்றது. அதே மாதங்களில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனும் தைராய்டைச் சற்றுத் தூண்டுவதால், டி.எஸ்.எச். எல்லைக்குக் கீழே இறங்குவதும் இயல்பே. கண் வீக்கமோ கழலையோ இல்லாமல் வாந்தி மட்டும் அதிகம் இருக்கும் தாய்க்கு இதை மிகைச் சுரப்பு நோய் என்று எண்ணி மருந்து கொடுக்கக் கூடாது.

இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு இல்லாமலோ போதாமலோ பிறக்கிறது. பிறந்த அன்று பார்த்தால் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. தாயின் ஹார்மோன் கொஞ்ச நாள் காப்பாற்றும். மஞ்சள் காமாலை நீடிப்பது, பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவது, மலச்சிக்கல், தொப்புள் துருத்துவது எல்லாம் தெரியும்போது மூளை வளர்ச்சியில் வாரங்கள் போயிருக்கும். ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். தாவி ஏறும் என்பதால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பதே சரி. அதற்கு முன்பே வீட்டுக்குப் போகிறவர்கள் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்தார்களா என்று கேட்டு, முடிவைக் கையில் வாங்க வேண்டும். உறுதியானால் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியாக வேண்டும்: கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மாத்திரையைப் பொடித்து, சில மில்லி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து, கலந்த உடனே கரண்டியால் கொடுக்க வேண்டும். பால் புட்டியில் கலந்தால் குழந்தை மிச்சம் வைப்பதோடு மருந்தும் மிச்சமாகிவிடும்.